பெட்டியில் 9000 லூமன்ஸ், சுவரில் எவ்வளவு?

முகநூலைத் திறந்தால் இப்போது கண்ணில் படுவது ஒரே விளம்பரம்தான். கைக்குள் அடங்குகிற ஒரு வெள்ளைப் புரொஜெக்டர். "9000 லூமன்ஸ், 4கே, 200 இஞ்சித் திரை, உங்கள் வீடே தியேட்டர்!" விலை ஒரு சாதாரண ஸ்மார்ட் போனை விடக் குறைவு. கீழே எங்கட பெடியளும் பெட்டையளும் "விலை இன்பொக்ஸ் பண்ணுங்கோ" எண்டு வரிசையில் நிற்கினம். முதல் சம்பளம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், சீட்டுக் காசை எடுத்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் சொல்ல வருவது நேரானது: அந்த மூன்று எண்களில் ஒன்றையும் நம்பிக் காசைக் கட்ட முடியாது. விற்கிறவர்களில் பலருக்கு இது தெரியும். தெரிந்துகொண்டுதான் விற்கிறார்கள்.

முதலாவது, லூமன்ஸ். புரொஜெக்டரின் வெளிச்சத்தை அளக்க ஒழுங்கான முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் தர நிறுவனமான அன்சி 1992 இல் வகுத்தது அது. திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் விழுகிற வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுத்து, திரையின் பரப்பால் பெருக்க வேண்டும். அதனால்தான் ஒழுங்கான கொம்பனிகள் "அன்சி லூமன்ஸ்" அல்லது "ஐஎஸ்ஓ லூமன்ஸ்" எண்டு முழுசாகப் போடுகின்றன. வெறும் "லூமன்ஸ்" எண்டு மட்டும் பெட்டியில் இருந்தால் அது எங்கே அளந்தது, எப்படி அளந்தது எண்டு கேட்க ஆளில்லை.

இந்தப் பொய்யைப் பிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. உங்கட வீட்டில் பூட்டியிருக்கிற 9 வாட்ஸ் எல்ஈடி பல்ப்பின் பெட்டியைப் பாருங்கோ. 800, 900 லூமன்ஸ் எண்டு இருக்கும். அதாவது ஒரு வாட்ஸுக்கு ஏறத்தாழ 100 லூமன்ஸ். இப்போது அந்தப் புரொஜெக்டரின் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கோ. 60 வாட்ஸ் எண்டு வைத்துக்கொள்வோம். அந்தக் கரண்ட் முழுவதும் விளக்குக்கே போனாலும் 6000 லூமன்ஸ்தான் வரும். அதற்குப் பிறகு அந்த வெளிச்சம் எல்சிடி தகட்டைத் தாண்ட வேண்டும். தகட்டின் இரு பக்கமும் இருக்கிற வடிகள் பாதிக்கு மேல் தின்றுவிடும். நிறம் பிரிக்கிற வடிகள் மிச்சத்தில் மூன்றில் இரண்டைத் தின்னும். கடைசியாக லென்ஸும் தன் பங்கை எடுக்கும். சுவருக்கு வந்து சேர்வது சில நூறு லூமன்ஸ். 9000 எங்கே இருந்து வந்தது? அச்சகத்தில் இருந்துதான்.

உண்மையாகவே 9000 லூமன்ஸ் தருகிற புரொஜெக்டர்கள் இருக்கின்றன. அவை பெரிய மாநாட்டு மண்டபங்களில் பூட்டப்படுபவை. புத்தகப் பையில் போட்டுக்கொண்டு போகிற சாமான் இல்லை. இந்தப் பொய் எங்கட ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. பெருப்பித்த லூமன்ஸுக்கு எதிராக எப்சன் நிறுவனம் அமெரிக்காவில் வழக்குகளே போட்டிருக்கிறது.

இரண்டாவது, 4கே. விளம்பரத்தை ஒருக்கா வடிவாக வாசியுங்கோ. பெரும்பாலும் "4கே சப்போர்ட்" எண்டுதான் இருக்கும். அதன் அர்த்தம், 4கே வீடியோவைக் குடுத்தால் சாமான் திணறாமல் வாங்கிக்கொள்ளும் எண்டது மட்டுமே. காட்டுவது அதன் உள்ளே இருக்கிற தகடு. அந்தத் தகடு 1280க்கு 720 ஆக இருந்தால் சுவரில் விழுவது 9 இலட்சத்து 21 ஆயிரத்து 600 புள்ளிகள். 4கே எண்டால் 82 இலட்சத்துக்கு மேல். ஒன்பதில் ஒன்றைத் தந்துவிட்டு முழுசுக்கும் பெயர் சூட்டுகிறார்கள். கடையில் கேட்க வேண்டிய சொல் "நேட்டிவ் ரெசலூஷன்". 1920க்கு 1080 எண்டு பதில் வந்தால் வீட்டுக்குத் தாராளம்.

மூன்றாவது, 200 இஞ்சி. டோர்ச் லைட்டையும் தூரத்துச் சுவரில் அடிக்கலாம், வட்டம் பெரிசாகும், வெளிச்சம் செத்துப்போகும். 200 இஞ்சித் திரையின் பரப்பு 100 இஞ்சியை விட இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. அதே வெளிச்சம் நாலாகப் பிரிந்து விழும்.

அப்ப எவ்வளவு வேணும்? டிஜிட்டல் சினிமாத் தரத்தின்படி தியேட்டர் திரையின் பிரகாசம் சதுர மீற்றருக்கு 48 கண்டெலா. அதே பிரகாசத்தைச் சாதாரண வெள்ளைத் திரையில், முழு இருட்டில் கொண்டுவர 60 இஞ்சிக்கு 150 உண்மையான லூமன்ஸ் காணும். 100 இஞ்சிக்கு 420 அளவில் வேணும். விளக்கு நாளடைவில் மங்கும், அதனால் 100 இஞ்சிக்கு 600 எண்டு வைத்துக்கொள்ளுங்கோ. அதுக்குத்தான் எங்களுக்குக் கோபம். உண்மையான எண்ணே போதுமாக இருக்கிறது. "300 அன்சி லூமன்ஸ், இரவில் 70 இஞ்சிக்கு நல்லது" எண்டு எழுதி விற்றிருந்தால் வாங்கினவர்கள் சந்தோசமாகப் படம் பார்த்திருப்பார்கள். பக்கத்துக் கடை 7000 எண்டு போட்டதால் இந்தக் கடை 9000 போடுகிறது. நேர்மையாக 300 போடுகிறவனின் சாமான் விலைப்படாமல் கிடக்கிறது.

இன்னொரு விசயத்தை ஒருவரும் விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள். புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைக் காட்ட முடியாது. படத்தில் நீங்கள் பார்க்கிற கறுப்பு, அறையில் இருக்கிற இருட்டுத்தான். யன்னலுக்கு மேலே காற்று வர விட்ட ஓட்டைகளும் வெள்ளைச் சுவர்களும் உள்ள எங்கட வீடுகளில் பகல் இரண்டு மணிக்கு எந்தப் புரொஜெக்டரும் தோற்கும். முதலில் தடிச்ச கறுத்தத் துணி வாங்குங்கோ. இல்லாட்டி இரவு ஏழு மணி வரை பொறுங்கோ, எங்கட நாட்டில் வருசம் முழுக்க அந்த நேரம் இருட்டுத்தான். பகலில் குடும்பத்தோடு கிரிக்கெட்டும் சீரியலும் பார்க்கத்தான் வேணும் எண்டால் அதே காசுக்கு ஒரு ரீவி வாங்குவது நல்லது. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"காசில்லாதவன் இதையாவது வாங்கட்டுமே, விடுங்கோவன்" எண்டு சிலர் எங்களிடம் கதைக்கிறார்கள். காசுள்ளவன் ஏமாந்தால் இன்னொன்று வாங்குவான். காசில்லாதவனுக்கு அது ஒரே ஒரு முறை. வழியும் இல்லாமல் இல்லை. அலுவலகங்களும் ரியூசன் சென்ரர்களும் கழிக்கிற பழைய புரொஜெக்டர்களைத் தேடிப் பாருங்கோ. 1024க்கு 768 தகடு, 3000 லூமன்ஸ் எண்டு ஒழுங்காக அளந்த சாமான்கள் அவை. அகலத்திரைப் படம் போட்டால் தகட்டில் கால்வாசி வீணாகும், ஆனாலும் 2000க்கு மேல் மிஞ்சும். விளக்குப் பழசாகி அதில் பாதிதான் வந்தாலும் வீட்டுக்குக் காணும். வாங்க முதல் மெனுவில் விளக்கு ஓடின மணித்தியாலத்தைப் பாருங்கோ, புது விளக்கின் விலையைக் கேளுங்கோ. காற்றாடிச் சத்தமும் கொஞ்சம் இருக்கும்.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து ஊரே முற்றத்தில் இருந்து விடிய விடியப் படம் பார்த்தது. எத்தனை இஞ்சி எண்டு ஒருவரும் கேட்கவில்லை. எங்கட தியேட்டர்களுக்கு வராத சிங்களப் படங்கள், ஈரானியப் படங்கள், எங்கட ஆக்களே எடுக்கிற குறும்படங்கள் எல்லாவற்றையும் பத்துப் பேர் சேர்ந்து இருந்து பார்க்க, பார்த்து முடியக் கதைக்க, ஒரு புரொஜெக்டர் காணும். பத்துப் பேர் தனித்தனியாகப் பத்துப் பொய்களை வாங்குவதை விட, பங்கு போட்டு ஒரு நல்ல சாமான் வாங்கலாம். நாங்கள் புரொஜெக்டருக்கு எதிரி இல்லை எண்டது இப்ப விளங்கியிருக்கும்.

சட்டமும் எங்கட பக்கம்தான். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதையும் பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதையும் தடை செய்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 எண்டு ஒரு இலக்கமே இருக்கிறது. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ, பற்றுச்சீட்டு இல்லாமல் காசு குடுக்காதையுங்கோ.

யூடியூப்பில் பெட்டி உடைத்துக் காட்டுகிற நண்பர்களுக்கும் ஒன்று. கமெராவின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்து, சுவரைப் பளிச்செண்டு காட்டிவிட்டு, "சும்மா தியேட்டர் மாதிரி இருக்கு மக்களே" எண்டு சொல்லுறதை நிப்பாட்டுங்கோ. உங்களை நம்பித்தான் சனம் காசு அனுப்புது.

அடுத்த முறை அந்த விளம்பரம் வந்தால் "விலை எவ்வளவு" எண்டு கேட்காதையுங்கோ. "அன்சி எவ்வளவு, நேட்டிவ் எவ்வளவு, எத்தனை வாட்ஸ்" எண்டு எல்லாரும் பார்க்கக் கீழே எழுதுங்கோ. ஒருவர் கேட்டால் அழித்துவிடுவார்கள். நூறு பேர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.