அடுத்த வீட்டு ஆசீர்வாதம்

ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை வாசிக்கும் நேரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மகனுக்குக் கனடா விசா கிடைத்ததற்காக ஒரு குடும்பம். மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்காக இன்னொரு குடும்பம். ஓட்டு வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்டியதற்காக மூன்றாவது. எல்லாமே நன்றி சொல்ல வேண்டிய காரியங்கள்தான். ஆனால் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் பையனின் தகப்பனாரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அந்தப் பட்டியல் எப்படிக் கேட்கும்?

புது வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போனால் இது இன்னும் பக்கத்தில் தெரியும். ஐயர் ஜெபித்து முடிப்பதற்குள் தேக்குக் கதவின் வேலைப்பாட்டைத் தடவிப் பார்க்கிற கைகள் உண்டு. அடுப்படிக்குள் போய் கிரானைட் மேடையைத் தட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. "கர்த்தர் நல்லா ஆசீர்வதிச்சிருக்கார்" என்று வாசலில் வாழ்த்திவிட்டு, தெருமுனை திரும்பியதும் "எல்லாம் லோன்தான்" என்பார்கள்.

கோடீஸ்வரர் வீட்டை நினைத்து நாம் யாரும் தூக்கம் கெடுவதில்லை. கூடப் படித்தவன், கூடப் பிறந்தவன், ஒரே பாடகர் குழுவில் பாடுகிறவள் என்று பக்கத்தில் இருப்பவர்மேல்தான் பொறாமை வருகிறது. வேதத்திலும் அப்படித்தான். காயீனுக்கு ஆபேல் தம்பி. யோசேப்பைக் குழியில் போட்டவர்கள் அண்ணன்மார். ராகேல் பொறாமைப்பட்டது அக்கா லேயாள்மேல். இயேசுவைத் தன்னிடம் ஒப்படைத்ததற்குக் காரணம் பொறாமைதான் என்பது பிலாத்துவுக்கே தெரிந்திருந்ததாக மத்தேயுவும் மாற்கும் எழுதுகிறார்கள். சிலுவை வரைக்கும் போன பாவத்தைச் சின்ன பலவீனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

எந்த நிலைமையிலும் மனநிறைவோடு இருக்கப் பழகியிருப்பதாகப் பவுல் சொல்வது பிலிப்பியர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில். பிரசங்கங்களில் அடிக்கடி கேட்ட பகுதிதான். அதை முதலாம் அதிகாரத்தோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். பவுல் காவலில், விலங்கோடு இருக்கிறார். வெளியே சிலர் அவர்மேல் உள்ள பொறாமையினாலேயே பிரசங்கம் செய்கிறார்கள், அவருடைய வேதனையைக் கூட்ட வேண்டும் என்ற நினைப்போடு. சபைகளை நாட்டியவர் உள்ளே இருக்க, போட்டிக்காரர்கள் வெளியே தாராளமாக நடமாடுகிறார்கள். கொதித்துப்போக அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. அவரோ, எந்த வகையிலாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று சந்தோஷப்படுகிறார். ஊழியம் தன் சொத்து அல்ல என்று தெளிந்தவருக்குத்தான் இது வரும். இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவில், தேவனுக்குச் சமமாயிருந்தும் தம்மைத் தாழ்த்தி, அடிமையின் கோலத்தில் இறங்கி வந்த கிறிஸ்துவைப் பற்றி எழுதுகிறார். தானாக இறங்கி வந்தவரைப் பின்பற்றுகிற ஒருவர், யார் தனக்கு மேலே போனார் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் என்ன அர்த்தம்?

இந்த மனநிறைவு கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதல்ல. எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்த காணிக்கையை அதே அதிகாரத்தில் பவுல் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்கிறார். வேலை தேடுகிற பையன் தேடத்தான் வேண்டும். ஆனால் ஆசீர்வாதத்தைக் காராலும் காம்பவுண்டுச் சுவராலும் அளந்து காட்டுகிற பிரசங்கம் சபைக்குள் பொறாமையைத்தான் வளர்க்கிறது. விலங்கோடு இருந்த பவுலை அந்த அளவுகோலால் அளந்தால் அவர் கைவிடப்பட்டவர் என்றல்லவா ஆகும்?

மருந்து உண்டா? லண்டனில் எஃப். பி. மேயர் என்றொரு புகழ்பெற்ற போதகர் இருந்தார். அவரைவிட 16 வயது இளையவர் கேம்பல் மார்கன். மார்கன் அமெரிக்காவில் ஊழியம் செய்தபோது அவருக்காக ஜெபிப்பது மேயருக்கு எளிதாக இருந்ததாம். 1904-ல் மார்கன் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சேப்பலுக்கு வந்து, அங்கே கூட்டம் நிரம்பத் தொடங்கியபோதுதான் சோதனை. தன் மனதுக்குள் இருந்ததை மேயர் மறைக்கவில்லை. மார்கனுடைய பெயரைச் சொல்லி அவருக்காக ஜெபிக்க ஆரம்பித்தார் என்று சொல்வார்கள்.

எங்கள் சபையிலும் அப்படி ஒரு பெரியம்மா உண்டு. பிள்ளை இல்லை. நம் ஊரில் பிள்ளையில்லாத பெண் என்னென்ன பேச்சுக் கேட்டிருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. குழந்தை ஞானஸ்நானம் என்றால் முன்வரிசைக்கு வந்துவிடுவார். முடிந்ததும் ஈரத்தலையோடு அழுகிற பிள்ளையை வாங்கி, முந்தானையால் துடைத்து, நெற்றியில் கைவைத்து ஜெபித்த பிறகுதான் தாயிடம் கொடுப்பார். "உங்களுக்கு இது கஷ்டமா இருக்கலையா பெரியம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "இல்லாம இருக்குமாய்யா? மொதல்ல வாய் மட்டுந்தான் ஜெபிச்சுது. மனசு பொறவுதான் வந்துச்சு" என்றார்.

யார் நன்றாக இருப்பது உங்களுக்கு உறுத்துகிறதோ, இன்றிரவு குடும்ப ஜெபத்தில் அவருடைய பெயரைச் சொல்லுங்கள். அவருக்குக் கிடைத்தது நிலைக்க வேண்டும் என்று கேளுங்கள். மனசு வராவிட்டாலும் கேளுங்கள். நாளைக்கும் கேளுங்கள்.