இரண்டு வீடு இருப்பது குற்றமா?

"இரண்டு ஊரில் கால் வைத்தவனுக்கு எந்த ஊரும் சொந்தமில்லை" என்று, அயல்நாடு போன பிள்ளைகளைப் பற்றி நண்பர் எழுதியிருக்கிறார். ஓசூரில் இருந்துகொண்டு இதை எழுத எப்படி மனம் வந்தது?

வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்த குடும்பங்கள் இங்கே எத்தனை! விடிந்ததும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்புகிறவர்கள் எத்தனை! 1878-ல் இங்கே பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி பெங்களூரில் படித்தார், சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தார். அவர் எந்த ஊர்க்காரர் இல்லை என்பீர்கள்?

தவிப்பு உண்டு, மறுக்கவில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று நள்ளிரவில் போன் வந்தால், விமான டிக்கெட் தேடுகிறவன் கை நடுங்கத்தான் செய்யும். இரண்டு இடத்திலும் பாசம் வைத்தவனின் வலி அது. அவனையா வேரற்றவன் என்கிறீர்கள்?

சட்டமும் அந்த வலியைக் கூட்டுகிறது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்திய பாஸ்போர்ட்டோடு இருப்பவரும் ஓட்டுப் போட ஊருக்கு நேரில் வரவேண்டும். கோபப்படுவதென்றால் இதன்மேல் கோபப்படுங்கள்.

ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களிடமும், "உன் ஊர் எது, ஒன்றை மட்டும் சொல்" என்றா கேட்பீர்கள்?