முதலில் கதவு, பிறகு துப்பாக்கி



ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் இளைஞர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பொறியியல் படித்து, சில காலம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே ஏர்சாஃப்ட் ஆடிப் பழகியிருக்கிறார். திருச்சியில் கூரைக்குக் கீழே அதற்கென்றே ஓர் அரங்கம் வைக்க ஆசைப்படுகிறார். "வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நீங்களாவது சொல்லுங்கள், இது ஒரு தொழில்தானா?" என்று கேட்டிருக்கிறார். சிறுதொழில் சிறப்பிதழ் தயாராகும் நேரத்தில் வந்த கடிதம் என்பதால், அவருக்கு எழுதும் பதிலையே இந்த மாதம் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

ஏர்சாஃப்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும் கருவியிலிருந்து 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டுகள் பறக்கும். இரண்டு அணிகள் தடுப்புகளுக்குப் பின்னால் ஒளிந்து ஆடும். 1970-களில் ஜப்பானில் பிறந்தது. பொதுமக்கள் கையில் துப்பாக்கி எளிதில் கிடைக்காத நாட்டில் ஆசைக்கு ஒரு வடிகாலாகத் தொடங்கியது. 1991-இல் டோக்கியோ மாருய் நிறுவனம் பேட்டரியில் இயங்கும் மாதிரியைக் கொண்டுவந்த பிறகு பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. பெயின்ட்பாலில் அடி பட்டால் சட்டையில் சாயம் காட்டிக்கொடுக்கும். இதில் அடையாளம் எதுவும் விழாது. அடி பட்டவரே கையைத் தூக்கி "அவுட்" என்று சொல்லி வெளியேற வேண்டும். யாரும் பார்க்காத மூலையில் பட்டாலும் அப்படித்தான். இந்த விளையாட்டில் என் மனசுக்கு மிகவும் பிடித்தது இந்த விதிதான். கடிதம் எழுதிய தம்பியின் வீட்டார் இந்த விதியைப் பார்த்தால் கொஞ்சம் இளகுவார்கள் என்று நம்புகிறேன்.

துப்பாக்கி நம் திருச்சிக்குப் புதிதும் இல்லை. 1966-இல் நிறுவப்பட்ட படைக்கலத் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. அங்கே தயாராகும் துப்பாக்கி ஒன்றுக்குப் பெயரே 'திருச்சி அசால்ட் ரைஃபிள்'. கே.கே. நகரில் திருச்சி ரைஃபிள் கிளப் இயங்குகிறது. 2022 ஜூலையில் 47-ஆவது மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி அங்கே நடந்தபோது நடிகர் அஜித்குமார் போட்டியாளராக வந்தார். அவரைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தைத் திருச்சிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆக, ஆர்வம் இருக்கிறது. கல்லூரிகள் நிறைந்த ஊர், மாணவர்களும் இருக்கிறார்கள். தொழில்தானா என்று கேட்டால், தொழில்தான்.

ஆனால் தம்பி, உங்கள் கடிதத்தில் எந்த மாடல் துப்பாக்கி எத்தனை வாங்குவது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கட்டடத்தைப் பற்றி நான்கே வரி. அதைத் திருப்பிப் போடச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-இல் வந்த ஆயுத விதிகளும் இதில் குறுக்கிடும். காற்றுத் துப்பாக்கிக்கு அந்த விதிகள் வகுக்கும் கோடு இரண்டு: ஆற்றல் 20 ஜூல், குழல் விட்டம் 4.5 மி.மீ. ஏர்சாஃப்டின் ஆற்றல் மிகக் குறைவு. 0.2 கிராம் குண்டு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் 1 ஜூல்தான். ஆனால் குழலோ 6 மி.மீ. "பொம்மைதானே" என்று இணையத்தில் வரவழைத்துவிட்டு, சரக்கு சுங்கத்தில் நின்ற பிறகு ஓடுவதில் அர்த்தமில்லை. ஒரு ரூபாய் முன்பணம் கொடுப்பதற்கு முன், மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்திலும், வெளியே என்றால் ஆட்சியர் அலுவலகத்திலும் எழுத்துமூலம் கேட்டு, எழுத்துமூலமே பதில் வாங்குங்கள். தெரிந்தவர் வாய்ச்சொல்லை நம்பி இறங்காதீர்கள்.

இடத்துக்கு ஸ்ரீரங்கத்து வீதிகளை நினைக்கவே வேண்டாம். வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடி, காவலும் கெடுபிடியும் உச்சத்தில் இருக்கும் ஊரில், நிஜம் போலத் தெரியும் துப்பாக்கியோடு ஒரு பையன் தெருவில் நடந்தால் என்ன ஆகும்? எந்த ஊரில் வைத்தாலும் கருவிகள் அரங்கத்தை விட்டு வெளியே போகக் கூடாது. துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் பாருங்கள். பெல் (BHEL) நிறுவனத்து ஆர்டர்கள் குறைந்த காலத்தில் அங்கே பல ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் மூடப்பட்டன. உயரமான ஷெட், மூன்று பேஸ் மின்சாரம், வண்டி நிறுத்த இடம் என்று பாதி வேலை முடிந்தே இருக்கும்.

ஒரு தொல்லை, அவை தகரக் கூரைகள். சித்திரை, வைகாசியில் திருச்சி வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே அடுப்படிதான். இதை வெறும் சௌகரியப் பிரச்சினையாக எண்ணாதீர்கள். வியர்த்தால் கண்ணாடிக் கவசத்துக்குள் ஆவி படியும். ஆவி படிந்தால் எதிரே தெரியாது. தெரியவில்லை என்றால் ஆடுகிறவர் ஒரு நொடி கவசத்தைத் தூக்கித் துடைப்பார். அந்த ஒரு நொடியில் குண்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஆகவே கூரைக்கு வெப்பத் தடுப்பும், பெரிய காற்றோட்ட விசிறிகளும் பாதுகாப்புச் செலவுக் கணக்கில்தான் வரும். மூக்கையும் பல்லையும் மறைக்கும் முழு முகக் கவசம், ஆவி படியாத கண்ணாடி, ஆட்டக் களத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் கவசம் கழற்றக் கூடாது என்ற விதி, மீறினால் அன்றைய ஆட்டம் முடிந்தது என்ற கண்டிப்பு, இவை எல்லாம் வேண்டும். இதில் நண்பர், சொந்தக்காரர் என்று பார்க்காதீர்கள்.

வெயில் இன்னொன்றும் செய்யும். வாயுவால் இயங்கும் துப்பாக்கிகளில் சூடு ஏற ஏற அழுத்தமும் ஏறும். காலையில் அளவாக இருந்த வேகம் மதியம் எல்லை தாண்டியிருக்கும். ஜப்பானில் சட்டமே 0.98 ஜூலுக்கு மேல் விடுவதில்லை. நெருக்கமான உள்ளரங்கத்துக்கு அந்த அளவுதான் சரி. பேட்டரித் துப்பாக்கியே வாங்குங்கள். வேகம் அளக்கும் கருவியை வாசலில் வைத்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அளந்த பிறகே உள்ளே அனுப்புங்கள்.

இனி, நான் மிகவும் அஞ்சும் விஷயம். ஸ்ரீரங்கத்துக்காரருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 2004 ஜனவரி 23 அன்று அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் தீப்பிடித்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள். இருபது ஆண்டு கழித்து, 2024 மே 25 அன்று, ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டு அரங்கம் எரிந்து 27 பேர் இறந்தார்கள். கோடை விடுமுறை, சனிக்கிழமை, 99 ரூபாய்ச் சலுகை டிக்கெட். குழந்தைகளால் நிரம்பியிருந்த இடம். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று அதற்கு இல்லை. உள்ளே எரிபொருள் சேமித்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தச் செய்தியைப் பிழை திருத்தி அச்சுக்கு அனுப்பிய இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏர்சாஃப்ட் அரங்கம் என்பது வேண்டுமென்றே வழி தெரியாதபடி கட்டப்படும் இடம். சந்து, பொந்து, இருட்டு, முகத்தில் கவசம். ஆபத்து வந்தால் யாருக்கும் திசை தெரியாது. அதனால் எதிரெதிர்ப் பக்கங்களில் குறைந்தது இரண்டு வழிகள், வெளிப்பக்கம் திறக்கும் கதவுகளோடு வேண்டும். பட்டறையின் ரோலிங் ஷட்டரை வழி என்று கணக்கில் சேர்க்காதீர்கள். அவசரத்தில் அது ஏறாது. தடுப்புகளுக்குப் பிளைவுட், துணி, ஸ்பாஞ்ச், பழைய டயர் என்று மலிவானவை எல்லாம் எரிபவை. சிமென்ட் பலகைக்குச் செலவு கூடும், செய்யுங்கள். பரபரப்புக்காகப் புகை விடும் இயந்திரம் வேண்டாம். நிஜப் புகை வரும்போது எல்லோரும் ஆட்டம் என்று நினைத்து நிற்பார்கள். லித்தியம் பேட்டரிகளைத் தனி அறையில், வெளியேறும் வழிக்குத் தொலைவில், ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். ஆபத்து என்றால் ஒரே சுவிட்சில் மொத்த விளக்கும் எரிந்து, இசை நிற்க வேண்டும்.

வரவு செலவும் கொஞ்சம். கூட்டம் வெள்ளி மாலையும் சனி, ஞாயிறும்தான் வரும், வாடகை ஏழு நாளும் ஓடும். தேர்வு மாதங்களில் கல்லூரிப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வார நாட்களுக்கு நிறுவனக் குழுக்களைத்தான் பிடிக்க வேண்டும்.

இதற்கு ஒரு யோசனை சொல்வேன், உங்களுக்கு உடனே பிடிக்காமல் போகலாம். அதே ஷெட்டின் ஓரத்தில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பயிற்சித் தடங்கள் நான்கை முதலில் போடுங்கள். ஒரு தடத்துக்கு ஒரு மீட்டர் அகலம், இலக்கு 1.4 மீட்டர் உயரம், குண்டு 4.5 மி.மீ. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2024 பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியதும் இந்தத் தூரத்தில்தான். பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிவருவார்கள், வார நாள் மாலைகளும் நிரம்பும். சட்டத்தின் கோடும் அங்கே தெளிவு. தகுதியான பயிற்சியாளர் ஒருவர் வேண்டும். ஓராண்டு அப்படி ஓட்டிப் பார்த்தால் கருவிகளைப் பூட்டி வைக்கும் ஒழுங்கும் ஆட்களை நடத்தும் பழக்கமும் கைவந்துவிடும். ஏர்சாஃப்டுக்கான பதிலும் அதற்குள் அலுவலகத்திலிருந்து வந்திருக்கும்.

அடுத்த கடிதத்தோடு அரங்கத்தின் வரைபடத்தையும் அனுப்புங்கள், தம்பி. அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரிடம் காட்டி அவர் சொல்வதை எழுதுகிறேன். டர்ஃப் மைதானமோ விளையாட்டுக் கூடமோ நடத்தும் வாசகர்களும் எழுதுங்கள். காப்பீடு எப்படி எடுத்தீர்கள், மின்கட்டணம் எவ்வளவு ஆகிறது, தீயணைப்புத் துறை ஆய்வில் என்னென்ன கேட்டார்கள் என்பதை விவரமாகச் சொன்னால் அடுத்த இதழில் இடம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்