ஒத்திவைப்பா, ரத்தா?

எண்ணூர் முகத்துவாரத்தில் படகில் உட்கார்ந்தால் இரண்டு நாடாளுமன்றத் தொகுதிகள் ஒரே பார்வையில் அடங்கிவிடும். தென்கரை திருவொற்றியூர் சட்டமன்றத் தொகுதி, வடசென்னையைச் சேர்ந்தது. வடகரை பொன்னேரி, அது திருவள்ளூரில் வரும். நடுவில் கடலை நோக்கிப் போகும் கொசஸ்தலை ஆற்றுக்கு மட்டும் தொகுதி கிடையாது.

2024 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்குச் சில நாட்களுக்கு முன், காட்டுக்குப்பத்து மீனவ அண்ணன் ஒருவர் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டார். கரையில் பிரசார வண்டியின் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அவர் காது கொடுக்கவில்லை. வடகரையில் அனல்மின் நிலையத்தின் பக்கம் கையை நீட்டினார். “ஓட்டு இந்தக் கரையில. சாம்பல் அந்தக் கரையிலேர்ந்து வருது. யார்கிட்ட போய்க் கேக்கறது தம்பி?”

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் இரண்டு ஆண்டுகளாகத் தேர்தல் செய்திகளைப் படிக்கிறேன்.

அந்தத் தேர்தலுக்கு முந்தைய டிசம்பரை எண்ணூர் எப்படிக் கடந்தது என்று நினைத்துப்பாருங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து கச்சா எண்ணெயும் வந்தது. வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு. வலை, படகு, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் பிசுக்கு. மீனவர்களே படகெடுத்துப் போய், வாளியும் கையுமாய் எண்ணெயை அள்ளிப் பீப்பாயில் நிரப்பினார்கள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது பார்த்த அதே வாளிக் காட்சி. ஏழு ஆண்டுகளில் வாளியைத் தாண்டி நாம் எதையும் கற்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

அந்த எண்ணெய் காயுமுன் டிசம்பர் 26 நள்ளிரவு, உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு. சுனாமி நினைவு நாளன்று கடலில் பூத்தூவி வணங்கியவர்கள், அதே இரவு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மூச்சு முட்ட ஓடினார்கள். பெரியகுப்பம், சின்னகுப்பத்திலிருந்து பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மறுநாள் தொடங்கிய போராட்டம் வாரக்கணக்கில் நீண்டது. பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெண்கள்.

தேர்தல் வந்தபோது பேச்சு நிவாரணத்தைப் பற்றியதாக மாறியது. யாருக்கு 12,500 ரூபாய் வந்தது, யாருக்கு 7,500, யார் பெயர் பட்டியலில் விடுபட்டது. பசித்தவனுக்கு அது பெரிய கேள்விதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு என்ன ஆகும் என்ற கேள்வி அந்தப் பட்டியலுக்குள் மூழ்கிப்போனது.

ஒரு சொல்லைப் பற்றி எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். ஒத்திவைப்பு.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் அதானி குழுமத்தின் திட்டம் நினைவிருக்கும். அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து உருவாக்க வேண்டியது. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்மேடு அந்த இடம். மணல் போனால் ஏரியும் கடலும் ஒன்றாகும். பழவேற்காட்டிலிருந்து எண்ணூர்வரை அதை அறியாத மீனவக் குடும்பம் இல்லை. 2021 ஜனவரி 22 அன்று மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியது. கொரோனாவைக் காரணம் காட்டிக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அப்போது ஆட்சியில் இருந்தது அதிமுக. ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். விரிவாக்கத்தை அனுமதிக்க மாட்டோம் என்று வாக்குறுதி தந்த திமுக ஆட்சிக்கு வந்தது. 2023 செப்டம்பர் 5-க்கு மறுபடியும் அதே கூட்டம் அறிவிக்கப்பட்டது. மறுபடியும் எதிர்ப்பு, மறுபடியும் ஒத்திவைப்பு.

மேடையில் “அனுமதிக்க மாட்டோம்”. உத்தரவில் “ஒத்திவைக்கப்படுகிறது”. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் கடலோர மக்கள் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கிறார்கள். ஒத்திவைத்த கோப்பு சாகாது. அடுத்த கூட்டத் தேதி எந்தச் செய்தித்தாளின் எந்த மூலையில் வரும் என்று வலை பின்னுகிறவர் நாள்தோறும் தேட வேண்டியிருக்கிறது.

ரத்து என்ற சொல்லும் அரசுக்குத் தெரியும். மதுரை மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2024 நவம்பரில் ஒன்றிய அரசு முடித்தது. சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் விவசாயிகள் மதுரையை நோக்கித் திரண்டு போனார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. பொதுத்தேர்தல் எதுவும் பக்கத்தில் இல்லாத நாட்கள் அவை. ஊர் ஊராகக் கூடி, எந்தக் கட்சி வந்தாலும் ஒரே கோரிக்கையை வைத்ததால் கிடைத்த சொல் அது.

பரந்தூரில் திட்டமிடப்பட்ட விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரத்துக்காரர்கள் 2024 தேர்தலைப் புறக்கணித்தார்கள். அவர்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் வாக்கை மடக்கி வைப்பதைவிட, அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதுதான் பலம் என்று நினைக்கிறேன்.

காலநிலை நம் தேர்தல் மேடைக்கு வரவில்லை என்று சொல்ல முடியாது. அது தானே ஏறி வந்துவிட்டது. 2024 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பேசிக்கொண்டிருந்தபோதே ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி மயங்கி விழுந்தார். கடைசிக் கட்ட வாக்குப்பதிவின்போது உத்தரப் பிரதேசத்தில் மட்டும் தேர்தல் பணியாளர்கள் 33 பேர் வெப்பத்தில் இறந்தார்கள். அதற்கு முந்தைய டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் வெப்பமும் வெள்ளமும் வாக்குக் கேட்பவர் வாயில் நிவாரணத் தொகையாக மட்டுமே வருகின்றன.

குப்பத்துப் பெண்கள் காலநிலை என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. கழிமுகத்துச் சேற்றில் இறங்கி, பறியை வாயில் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவுகிறவர்கள் காக்கா ஆழியைப் பற்றிப் பேசுவார்கள். தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்த அந்தச் சிப்பி கப்பல்களோடு வந்திருக்கக்கூடும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இன்று ஆற்றுத் தரையில் பாய் விரித்ததுபோல் படிந்து கிடக்கிறது. இறால் பதுங்க இடமில்லை, கை வைத்தால் கிழிக்கிறது. மழை மாறியதும் கடல் ஏறுவதும் சாம்பல் படிவதும் அவர்களுக்குத் தனித்தனிச் செய்திகள் அல்ல. எல்லாம் சேர்ந்து ஒரு நாள் கூலி.

மறுபடியும் தேர்தல் பேச்சு தொடங்கிவிட்டது. போன வாரம் அந்த அண்ணனைப் பார்த்தேன். இரண்டு கரைகளின் வேட்பாளர்களையும் ஒரே படகில் ஏற்றி, காட்டுப்பள்ளி பற்றி அவர்கள் சொல்லப்போவது ஒத்திவைப்பா ரத்தா என்று எழுதி வாங்கினால் என்ன என்று கேட்டேன். படகு தருவதாகச் சொன்னார். டீசல்கூட வேண்டாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

“ஏத்தத்துல கூட்டியாராத தம்பி. வத்தத்துல கூட்டியா. அப்பதான் சாம்பல் தெரியும்.”