தறியை நிறுத்தும் உரிமை

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடத்துக்குள் போனால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. தறி ஓட்டுபவரின் பார்வை பாவின் மேலேயே இருக்கும். பேண்டேஜுக்கு நெய்யும் காஸ் துணி இழை நெருக்கம் இல்லாதது. ஒரே ஓர் இழை அறுந்தாலும் துணியின் நீளத்துக்குக் கோடு விழுந்துவிடும். பழைய தறிகள் பலவற்றில் பாவு இழை அறுந்தால் தறி தானாக நிற்பதில்லை. ஓட்டுபவர்தான் கவனித்து நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்ட வேண்டும்.

இதே தொல்லையிலிருந்துதான் உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்களில் ஒன்று பிறந்தது. ஜப்பானின் சாகிச்சி டொயோடா 1924-ல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, இழை அறுந்த நொடியில் தானே நின்றது. 1929-ல் அதன் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. உலகம் முழுவதற்கும் நூற்பு, நெசவு இயந்திரங்களை விற்றுக்கொண்டிருந்த நிறுவனம் அது. சாகிச்சியின் மகன் கீச்சிரோ கார் பக்கம் திரும்பினார்; 1937-ல் டொயோட்டா மோட்டார் தனி நிறுவனமானது. தறிக்குக் கொடுத்த குணத்தை அந்த ஆலை பிறகு தொழிலாளிக்கும் கொடுத்தது. குறை கண்ணில் பட்டால் கடைநிலைத் தொழிலாளிகூடக் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். 1951-ல் தொழிலாளர் யோசனைத் திட்டமும் அங்கே வந்தது.

இன்றைய தொழில்நுட்ப நிறுவனங்கள் இந்த இரண்டில் யோசனைத் திட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. யோசனைப் பெட்டி வைக்கிறார்கள், ஹேக்கத்தான் நடத்துகிறார்கள், வென்றவருக்குக் கோப்பை தருகிறார்கள். நிறுத்தும் உரிமையை மட்டும் யாரும் தருவதில்லை. ‘இந்த வெர்ஷனில் கோளாறு இருக்கிறது, வெள்ளிக்கிழமை வெளியிட வேண்டாம்’ என்று இரண்டு வருட அனுபவமுள்ள ஒரு பொறியாளர் சொல்லி, அதைக் கேட்டு வேலை நிற்கும் அலுவலகங்கள் எத்தனை? அந்த உரிமை இல்லாத இடத்தில் யோசனை சொல்வதும் நாளடைவில் நின்றுபோகும் என்பது என் உறுதியான எண்ணம். பிரச்சினையைச் சொல்ல முடியாதவர் தீர்வை எப்படிச் சொல்வார்?

புதுமைக்கு இடம் தரும் வேலைக் கலாச்சாரத்தைப் பற்றிப் பேச ராஜபாளையத்தைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் குறைவு. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து சிமெண்ட் வந்தது, கூரைத் தகடு வந்தது. அந்தத் தகடு நிறுவனமான ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் ஆராய்ச்சிப் பிரிவாகத்தான் மென்பொருள் வேலை ஆரம்பித்தது. கணக்கு, சரக்கு, உற்பத்தி, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் ‘மார்ஷல்’ என்ற ஈஆர்பி மென்பொருள் 1990-களில் அந்தப் பிரிவில் உருவானது. 1997-ல் ராம்கோ சிஸ்டம்ஸ் தனி நிறுவனமாகி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. பிற்காலத்தில் விமானப் பராமரிப்பு மென்பொருளிலும் சம்பளப் பட்டியல் மென்பொருளிலும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களைப் பிடித்தது.

சொந்த மென்பொருளைச் செய்து விற்பது அந்தக் காலத்தில் எவ்வளவு துணிச்சலான முடிவு என்பதை இன்றைய இளைஞர்கள் உணர்வது கடினம். இந்தியாவின் பெரிய ஐடி நிறுவனங்கள் அப்போது ஆளையும் மணிக்கணக்கையும் விற்றுக்கொண்டிருந்தன. கணினிகளில் 2000-ம் ஆண்டுச் சிக்கலைச் சரிசெய்யும் வேலை கொட்டிக் கிடந்தது. ஆள் கணக்கில் பில் போடும் தொழிலில் பத்து மணி நேர வேலையை இரண்டு மணி நேரத்தில் முடிக்க ஒருவர் வழி கண்டுபிடித்தால், நிறுவனத்துக்கு எட்டு மணி நேர வருமானம் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் புதுமைக்கு இடம் கிடைப்பது அரிது. சுவரில் ஒட்டும் வாசகங்களைவிட, எதற்குப் பில் போடுகிறோம் என்பதுதான் ஒரு நிறுவனத்தின் கலாச்சாரத்தைத் தீர்மானிக்கிறது.

சொந்த மென்பொருளைச் செய்து விற்பவருக்கோ மிச்சமாகும் ஒவ்வொரு மணி நேரமும் லாபம். ஆனால் அதற்குப் பொறுமையான பணம் வேண்டும். ராம்கோ சிஸ்டம்ஸ் நட்டக் கணக்குக் காட்டிய ஆண்டுகள் பல. பின்னால் மில்லும் சிமெண்ட்டும் கொண்ட ஒரு தொழில் குடும்பம் நின்றதால் அது தாக்குப்பிடித்தது. புதுமை வேண்டும் என்று கேட்கும் முதலாளிகள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, எத்தனை ஆண்டு நட்டத்தைத் தாங்குவீர்கள் என்பதுதான்.

ராஜபாளையத்திலிருந்து தென்காசி சாலையில் போனால் இன்னொரு சான்று கிடைக்கும். வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்த மென்பொருள் நிறுவனமான ஜோஹோ, 2011-ல் தென்காசியில் அலுவலகம் திறந்தது. ‘ஜோஹோ டெஸ்க்’ என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் அங்கேதான் உருவானது. 2005-ல் அந்த நிறுவனம் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பிளஸ் டூ, டிப்ளமா முடித்தவர்களைச் சம்பளம் கொடுத்துப் படிக்கவைத்து வேலைக்கு எடுத்தது. முழுப் பொருளையும் நம்பி ஒப்படைத்தால் சிறிய ஊர் செய்து காட்டும் என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

குறையை வாய்விட்டுச் சொல்வதற்கு நம் பக்கத்தில் ஒரு தடை இருக்கிறது. அதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள் நாம். முதலாளியிடம் ‘இது தப்பு’ என்று சொல்வது மரியாதைக் குறைவு என்றே பழகியிருக்கிறோம். மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று அலுவலகம் அறிவிப்பதால் மட்டும் இது மாறாது. கெட்ட செய்தியை முதலில் கொண்டுவந்தவருக்கு அடுத்த மாதம் என்ன நடந்தது என்பதை எல்லோரும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஓரங்கட்டப்பட்டால் அதன் பிறகு அந்தத் தளத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இந்தப் பழக்கம் மாறக்கூடியதுதான். தமிழ்நாட்டின் சுந்தரம் கிளேட்டன், தொழிலாளர் பங்கேற்பை மையமாகக் கொண்ட தர மேலாண்மையைக் கையில் எடுத்து, 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் தொடங்கிய கலசலிங்கம் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ராஜபாளையத்தில் 2013 முதல் ராம்கோ பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. இங்கே படிக்கும் பிள்ளைகளைச் சுற்றிப் பொறியியல் சிக்கல்கள் குவிந்து கிடக்கின்றன. மருத்துவப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் பத்து நொடிக்குள் மூழ்க வேண்டும் என்பது தர விதி. மூழ்காவிட்டால் பருத்தியின் மெழுகு சரியாக நீங்கவில்லை என்று பொருள். அதை வெளுக்கும்போதே கண்டுபிடிக்க ஒரு மலிவான வழி வேண்டும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, வெளியூர் போய்ச் சேரும்வரை மணமும் பதமும் மாறாமல் இருக்க ஒரு பொதி முறை வேண்டும். இழை அறுந்தால் பழைய தறியை நிறுத்தும் ஒரு சின்ன கேமரா வேண்டும். தமிழ்நாடு முழுக்க இறுதியாண்டு புராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் பரவியிருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. பக்கத்துக் கூடத்தில் இத்தனை வேலை காத்திருக்கிறதே!

பொறியாளரைத் தறிப் பக்கம் அனுப்பினால் மட்டும் போதாது. தறி ஓட்டுபவருக்கு மீட்டர் கணக்கில் கூலி. மாணவர் கேமராவைப் பொருத்திப் பார்க்கும் இரண்டு மணி நேரம் தறி நின்றால் அவர் கூலி போகும். அதனால் அவர் சோதனைக்குச் சம்மதிக்க மாட்டார், அதில் நியாயமும் இருக்கிறது. முடித்த டிக்கெட்டுகளை, அதாவது வேலைக் கோரிக்கைகளை, எண்ணி மதிப்பெண் போடும் மென்பொருள் அலுவலகத்திலும் பொறியாளரின் நிலை இதுவேதான். கோளாறின் வேரைத் தேடி அவர் மூன்று நாள் உட்கார்ந்தால் அந்த மாதப் பட்டியலில் அவர்தான் கடைசி. எனவே ஆராய்ச்சிக்கென்று பணம் ஒதுக்கும் கல்லூரிகளும் நிறுவனங்களும், தறி நிற்கும் நேரத்துக்கு நெசவாளிக்கான கூலியையும், வேர் தேடும் நாட்களுக்குப் பொறியாளருக்கான மதிப்பெண்ணையும் அந்த ஒதுக்கீட்டிலேயே முதல் செலவாக எழுதிவைக்க வேண்டும்.