நெல்லறையின் சாதி

மரவீடு என்றாலே நம்ம படிச்ச ஆளுங்களுக்கு மெய்சிலிர்த்துப் போகும். தேக்குத் தூண், இழைச்ச பலகை, கடைசல் வேலை! நந்தனத்தில் நான் கணக்கெழுதும் வங்கிக் கிளையிலும் ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காடு போய்வந்தவர்கள் திங்கட்கிழமை இதைத்தான் பேசுகிறார்கள்.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா 1996இல் திறந்தது. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்கிரகார வீடு மட்டுமல்ல, நெசவாளி வீடும் குயவர் வீடும் உண்டு. நல்ல உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் மரத்தைக் காப்பாற்றினால் வரலாறு காப்பாற்றப்பட்டுவிடுமா?

கோட்டயம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு ஒன்று அங்கே நிற்கிறது. 1850இல் கட்டியது. அவ்வகை வீடுகளுக்கு நெஞ்சுக்கூடு நெல்லறை. ஈரம் ஏறாதபடி உயர்த்திய பலகை அறை. திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்த அரசாணை 1855இல் வந்தது. கழித்துப் பாருங்கள். அந்த மரம் இழைக்கப்பட்டபோது வயலில் நின்ற புலையரும் பறையரும் விலைக்கு விற்கப்பட்ட சரக்கு. நான் ஒரு குடும்பத்தைக் கூண்டில் ஏற்றவில்லை. ஒரு காலத்தை ஏற்றுகிறேன். நெல்லுக்கு மர அறை. விளைவித்தவனுக்கு ஓலைச் சாளை.

சாளைங்கிறது சும்மா பேர் இல்லை. வடக்கே மலபாரில் வீட்டுக்குப் பேரே சாதி பார்த்துத்தான் என்று 1887இல் லோகன் தன் மலபார் மேனுவலில் எழுதிவைத்தார். நம்பூதிரி இருந்தால் இல்லம். ராஜா இருந்தால் கோவிலகம். நாயர் இருந்தால் வீடு. செருமன் இருந்தால் சாளை. பறையன் இருந்தால் சேரி. தச்சன் முழக்கோலை எடுக்குமுன்பே சாதி அளந்து முடித்துவிட்டது. இதுக்குப் பேர் கட்டடக்கலையாம்!

"சேரியில என்னப்பா கலை இருக்கு, காப்பாத்த?" என்பார்கள். பனங்கையும் மூங்கிலும் கட்டிக் கீற்று வேய்ந்ததும் மரச்சட்ட வீடுதான். அது நூறு வருஷம் நிற்கவில்லை என்றால், நிலம் நம்முடையதாக இல்லை. என்றைக்குக் கிளம்பச் சொல்வானோ என்ற இடத்தில் எவன் தேக்கை நடுவான்? 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். தீப்பிடிக்கும் கூரைதான் நமக்கு என்று ஒதுக்கிய கட்டடக்கலை அது.

பழங்கதை இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைகளை இடித்து, சனங்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். புதுப்பள்ளி வீட்டைப் பலகை பலகையாகப் பிரிக்கக் கைகள் இருந்தன. ஆற்றங்கரை வீட்டுக்கு இயந்திரம் வந்தது. என் மேசைக்கு வருகிற வீட்டுக்கடன் மனுவும் முதலில் கேட்பது பட்டாவைத்தான்.

தோழர்களே, பழைய வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. போங்க, பாருங்க. நெல்லறை முன்னால் நின்று பிள்ளைகளுக்கு மரத்தின் பேரைச் சொல்லும்போது, அந்த நெல்லைச் சுமந்துவந்த ஆளை அன்றைக்கு என்ன பேரில் விற்றார்கள் என்பதையும் சொல்லுங்க. 1850, 1855. ரெண்டு எண்ணையும் சேர்த்தே சொல்லுங்க.