கிருமி சொன்ன சாட்சி!

குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் ஏழையாயிருந்தால், சாட்சி தேடிச் சட்டம் சந்து பொந்தெல்லாம் அலையும். நிற்க வேண்டியவர் பெரிய இடத்தைச் சேர்ந்தவராயிருந்தாலோ, சாட்சி தானே நடந்து வந்து பேசினாலும் சட்டம் காதைப் பொத்திக் கொள்ளும். இது பழைய கதை. ஆனால், கண்ணுக்குத் தெரியாத கிருமியொன்றே சாட்சி சொன்ன பின்பும், உலகுக்கெல்லாம் நீதி பேசும் மன்றம் கைவிரித்து நின்ற கதை புதிது. அதை நம் மக்கள் அறிய வேண்டும்.

கரிபியன் கடலில் ஹைட்டி என்றொரு நாடு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பு மக்கள், ஆண்டைகளை எதிர்த்துப் போரிட்டு, விலங்கொடித்து, 1804-ல் விடுதலை முழக்கமிட்ட நாடு. அந்த விடுதலைக்கு விலை கேட்டது பிரான்சு. 1825-ல் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, 15 கோடி பிராங்க் கொடு என்று மிரட்டிக் கையெழுத்து வாங்கியது. கடன் வாங்கிக் கட்டியே ஓட்டாண்டியான நாடு அது. 2010 ஜனவரி 12 அன்று பூமி அதிர்ந்தது. தலைநகர் தரைமட்டமாயிற்று. பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். மிஞ்சியவர்கள் கூடாரங்களில் குடியேறினர்.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல, அதே ஆண்டு அக்டோபரில் வந்தது காலரா! வாந்திபேதி என்று நம் பாட்டிமார் பெயர் சொல்லவும் அஞ்சிய அதே நோய். காலையில் கழனிக்குப் போனவர் மாலையில் பிணமாகும் கொடுமை. ஹைட்டியிலோ குறைந்தது நூறாண்டுகளாக அந்த நோய் இருந்ததாகப் பதிவே இல்லை. இல்லாத நோய் எங்கிருந்து வந்தது?

ஆற்றங்கரை மக்கள் உடனே விடை சொன்னார்கள். மிர்பாலே என்னும் ஊருக்கு அருகே ஐ.நா. சபையின் அமைதிப்படை முகாம் ஒன்று இருந்தது. அந்த அக்டோபரில்தான் நேபாளத்திலிருந்து புதிய படைப்பிரிவு அங்கு வந்து இறங்கியது. முகாமை ஒட்டி ஓடிய சிற்றாறு, ஆர்ட்டிபோனைட் என்னும் பேராற்றுக்குப் போய்ச் சேருவது. அந்த ஆற்றில்தான் மக்கள் குளித்தனர். அந்த நீரைத்தான் குடித்தனர். அந்த நீரில்தான் நெல் விளைந்தது. முகாமின் மலக்கழிவு திறந்த குழியில் கொட்டப்பட்டது. மழை வந்தால் அது வழிந்து ஆற்றில் கலக்கக் கூடிய நிலையில் இருந்தது. இதைச் சொன்னது எதிர்க்கட்சிக்காரரன்று, ஐ.நா. சபையே அமைத்த நிபுணர் குழு 2011 மே மாதத்தில் தந்த அறிக்கை!

ஆனால், முதலில் என்ன சொன்னார்கள்? “எங்கள் முகாம் நீரைச் சோதித்தோம், கிருமி இல்லை” என்றார்கள். “நோய் எங்கிருந்து வந்தது என்று தேடுவதற்கு இது நேரமன்று” என்றார்கள். கடல்நீரின் வெப்பத்தால் தானே தோன்றியிருக்கலாம் என்ற பேச்சும் கிளம்பிற்று. பிரெஞ்சு மருத்துவ அறிஞர் ரெனோ பியாரூ 2010 நவம்பரில் ஊர் ஊராகச் சென்று, எந்த ஊரில் எந்த நாளில் நோய் தோன்றிற்று என்று குறித்துப் பார்த்தார். கோடெல்லாம் ஆற்றின் வழியே ஏறி முகாமின் வாசலுக்கே போயிற்று. 1854-ல் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தோர் வீடுகளை வரைபடத்தில் குறித்து, தெருக்குழாய் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினாரே, அதே வழி. அப்போதும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஆள் இருந்தது.

அதன் பிறகுதான் கிருமியே பேசியது.

கிருமி எப்படிப் பேசும் என்று கேட்பீர்கள். நம் பழைய நூல்கள் ஓலைச் சுவடிகளில் இருந்ததை நாம் அறிவோம். ஒரு சுவடியைப் பார்த்து இன்னொருவர் பெயர்த்தெழுதுவார். எழுதும்போது ஓரிடத்தில் பிழை நேரும். அந்தப் பிரதியைப் பார்த்து எழுதுபவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதி வைப்பார். பின்வந்த புலவர்கள் பல ஊர்ச் சுவடிகளை அருகருகே வைத்து, ஒரே பிழையைச் சுமக்கும் சுவடிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று கண்டார்கள்.

கிருமிக்குள்ளும் ஒரு சுவடி உண்டு. மரபணுத் தொகுதி என்பது அதன் பெயர். நான்கே எழுத்துகளில் எழுதப்பட்டது. காலராக் கிருமியின் சுவடியில் சுமார் 40 லட்சம் எழுத்துகள். கிருமி பெருகும்போதெல்லாம் இந்தச் சுவடி நகலெடுக்கப்படுகிறது. அவ்வப்போது ஓரெழுத்து பிழையாகிறது. அந்தப் பிழை வழிவழியாக இறங்குகிறது. எழுத்துகளை வரிசையாகப் படித்து ஒப்பிட்டால் எந்தக் கிருமி எதற்கு உறவு என்பது தெரிந்துவிடும். வேறுபாடு குறையக் குறைய உறவு நெருக்கம்.

அப்படித்தான் படித்தார்கள். 2010 இறுதியிலேயே அமெரிக்க விஞ்ஞானிகள், ஹைட்டியின் கிருமி தென்னமெரிக்கக் கிருமியோடு ஒத்துப் போகவில்லை, தெற்காசியக் கிருமியோடு ஒத்துப் போகிறது என்று கண்டனர். 2011 ஆகஸ்டில் டென்மார்க், அமெரிக்க, நேபாள விஞ்ஞானிகள் சேர்ந்து, நேபாளத்தில் ஐந்து மாவட்டங்களில் 2010-ல் எடுத்த 24 கிருமி மாதிரிகளைப் படித்து வெளியிட்டனர். அவற்றில் மூன்று, ஹைட்டியின் மூன்று மாதிரிகளோடு கிட்டத்தட்ட அச்சாக ஒத்திருந்தன. வேறுபாடு எத்தனை எழுத்து தெரியுமா? ஒன்று அல்லது இரண்டு!

ஊரார் சொன்னார்கள், வரைபடம் சொன்னது, கிருமியும் சொன்னது. மூன்று சாட்சிகள் ஒரே வாக்குமூலம்! நிபுணர் குழு 2011-ல் “பல சூழ்நிலைகள் ஒன்று கூடின; எந்தக் குழுவையும் தனி ஆளையும் குறை கூற இயலாது” என்று மெழுகியது. அதே குழுவினர் 2013-ல், அமைதிப்படை வழியாகவே நோய் வந்திருக்கக் கூடும் என்று வெளிப்படையாக எழுதினர்.

நீதி கிடைத்ததா? 2011 நவம்பரில் சுமார் 5,000 பேர் ஐ.நா. சபையிடம் இழப்பீடு கேட்டனர். 2013 பிப்ரவரியில் வந்த விடை: “இம்மனு ஏற்பதற்குரியதன்று.” அமைதிப்படை 2004-ல் உள்ளே வந்தபோதே, பாதிக்கப்படுவோர் வழக்கைக் கேட்க ஒரு தனி ஆணையம் அமைப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தனர். அந்த ஆணையம் அமைக்கப்படவே இல்லை! நியூயார்க் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2015 ஜனவரியிலும், மேல்முறையீட்டில் 2016 ஆகஸ்டிலும், ஐ.நா. சபைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று கதவு மூடப்பட்டது. அந்தச் சபையே நியமித்த மனித உரிமை அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், இந்தப் போக்கு அறத்துக்கும் அடுக்காது, சட்டத்துக்கும் நில்லாது என்று இடித்துரைத்தார். அதன் பிறகே, 2016 டிசம்பர் 1 அன்று, பொதுச்செயலாளர் பான் கி மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 40 கோடி டாலர் திரட்டப் போவதாகத் திட்டமும் அறிவித்தார். அதில் சேர்ந்ததோ சிறு பகுதி. செத்தவர் தொகை சுமார் 10,000. நோயுற்றவர் 8 லட்சத்துக்கும் மேல்!

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். நேபாளத்துச் சிப்பாய் மீது நாம் கல்லெறியவில்லை. அவனும் வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த ஏழை வீட்டுப் பிள்ளை. அறிகுறியே இல்லாமல் கிருமியைச் சுமப்போர் உண்டு. தன் வயிற்றில் இருப்பதை அவன் எப்படி அறிவான்? காலரா நடமாடிய நாட்டிலிருந்து ஆளை அழைத்து வந்தபோது சோதிக்காதவர் யார்? மருந்து கொடுக்காதவர் யார்? ஒழுங்கான கழிவுநீர்த் தொட்டி கட்டாதவர் யார்? அவர்களே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். உண்மையை வெளிக்கொணர்ந்தவர்களில் நேபாள விஞ்ஞானிகளும் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். தங்கள் நாட்டின் பெயர் கெடுமே என்று அவர்கள் மாதிரிகளைப் பூட்டி வைக்கவில்லை. அந்த நேர்மைக்கு நம் வணக்கம்!

ஆனால், நேர்மைக்கு உலகம் தரும் பரிசு என்ன? 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் கொரோனாவின் புதிய வடிவத்தை மரபணு படித்துக் கண்டு, ஒளிக்காமல் உலகுக்கு அறிவித்தனர். ஓமைக்ரான் என்று அதற்குப் பெயரிட்ட அன்றே செல்வ நாடுகள் அவர்களுக்கு விமானக் கதவை அடைத்தன. அறிவிப்புக்கு முன்பே நெதர்லாந்தில் எடுத்த மாதிரிகளில் அதே கிருமி இருந்தது பின்னர் தெரிந்தது! சொன்னவனுக்குத் தண்டனை என்றால், அடுத்த முறை எவன் வாய் திறப்பான்?

மரபணு படிக்கும் கருவி அறிவின் வெற்றி. அது கைகாட்டும் திசையில் வலியோர் நின்றால் சட்டப் பாதுகாப்பு, எளியோர் நின்றால் கதவடைப்பு என்ற இரட்டை நீதி இருக்குமானால், அந்தக் கருவியால் ஆவதென்ன?

எனவே கேட்கிறோம்: அறிவித்த 40 கோடி டாலர் எங்கே? எழுதிக் கொடுத்த ஆணையம் எங்கே? உண்மையை முதலில் சொல்லும் நாட்டுக்கு மருந்தும் பொருளுதவியும் முதலில் போய்ச் சேரும் என்று உலக நாடுகள் எப்போது உறுதி எழுதும்?

மூன்றாண்டுகளுக்கு மேல் ஓய்ந்திருந்த காலரா, 2022 அக்டோபரில் ஹைட்டியில் மீண்டும் தலைகாட்டிற்று. அந்தக் கிருமியின் சுவடியையும் படித்தார்கள். 2010-ல் வந்ததன் வழித்தோன்றலே அது என்று தெரிந்தது. நல்ல குடிநீரும் கழிப்பிடமும் தராமல் மன்னிப்பு மட்டும் தந்தால் கிருமி மன்னிக்காது. அது தன் சாட்சியைச் சொல்லிவிட்டது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள்!